உறைவெட்டு

சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, வெட்டியெடுத்த இழையத்தை உறையவைத்து, மெல்லிதாகச் சீவி, சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறை உறைவெட்டு. தோல் புற்றுநோயில் இது பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறது: வெட்டின் ஓரத்தில் புற்றுக் கலங்கள் மிஞ்சியுள்ளனவா?

போமலினில் ஊறவைத்து, பரபின் மெழுகில் பதித்துப் பார்க்கும் வழமையான முறையில் அறிக்கை வர நாட்கள் செல்லும். உறைவெட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். கல்முனைக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விசயமல்ல. இலங்கையின் முதன்மையான புற்றுநோய் வைத்தியசாலை மஹரகமவில், 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே சத்திரசிகிச்சை முடித்துத் திரும்பியவரின் அறிக்கை “ஓரத்தில் மிச்சம் உண்டு” என்று வந்தால், நோயாளியும் துணைக்குப் போனவரும் மறுபடி இராப் பஸ் ஏறவேண்டும்.

முறையின் தொடக்கம் தோல்வி. 1891இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், ஹால்ஸ்டெட் செய்த மார்பகச் சத்திரசிகிச்சையின்போது வில்லியம் வெல்ச் இழையத்தை உறையவைத்து வெட்டினார். பதில் தயாராகுமுன் சத்திரசிகிச்சையே முடிந்துவிட்டது. 1905இல் மேயோ கிளினிக்கின் லூயிஸ் வில்சன், ரொச்செஸ்டர் நகரின் கடுங்குளிரில் இழையத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்து உறையவைத்தார். மெதிலீன் நீலத்தில் தோய்த்துச் சில நிமிடங்களில் பதில் சொன்னார். முறை நிலைபெற்றது அங்கேதான்.

குளிர் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். உழ்ஹிய்யா (குர்பான்) இறைச்சியை வீட்டு ஃப்ரீசரில் வைத்தெடுத்துக் கரையவிட்டால் தட்டில் சிவந்த நீர் தேங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். மெதுவாக உறையும்போது உண்டாகும் பெரிய பனிப் படிகங்கள் கலங்களைக் கிழித்துவிட்டதன் அடையாளம் அது. ஆய்வுகூடத்திலும் இதே வில்லங்கம்தான். படிகம் கிழித்த கலத்தைப் பார்த்து எந்த நிபுணரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே துண்டைக் கூழ்போன்ற ஒரு பசையில் அமிழ்த்தி, விரைந்து உறையவைக்கிறார்கள்.

1938இல் கோப்பன்ஹேகனில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் மோகென்சனும், வெட்டும் கருவியையே குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார்கள். அதுவே கிரையோஸ்டாட். உள்ளே சுமார் மைனஸ் 20 பாகை. கத்தி ஒருமுறை உரச, 5 முதல் 10 மைக்ரோமீட்டர் தடிப்பில் ஒரு சீவல் சுருண்டு வரும். தூரிகை நுனியால் அதை விரித்துப் பிடித்து, அறைச் சூட்டில் இருக்கும் கண்ணாடி வழுக்கியை அருகே கொண்டுபோனால், சீவல் தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். தோலின் அடியிலுள்ள கொழுப்பு மட்டும் இந்தக் குளிருக்கும் இறுகாமல் கிழியும். ஆய்வுகூடத்தாரின் பொறுமையைச் சோதிப்பது அதுதான்.

தோல் புற்றுநோயில் பெரிய மாற்றம் ஃப்ரெடெரிக் மோஸ் (1910–2002) கொண்டுவந்தது. விஸ்கொன்சினில் 1936 முதல் அவர் நோயாளியின் தோலில் துத்தநாகக் குளோரைட்டுப் பசை பூசி, இழையம் உடலிலேயே பதப்பட்டபின் படைபடையாக அகற்றினார். வலி கடுமை, ஒரு படைக்கு ஒரு நாள். 1953இல் கண்ணிமைப் புற்று ஒன்றில் பசையை விட்டு உறைவெட்டுக்கு மாறினார். 1974இல் தோல் மருத்துவர்களான ட்ரொமோவிச்சும் ஸ்டெக்மனும் தம் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபின் பசை வழக்கொழிந்தது.

என் கணிப்பில், மோஸின் சாதனை உறையவைத்ததல்ல, வெட்டும் திசையை மாற்றியதுதான். பாணைத் துண்டுபோடுவதுபோல் செங்குத்தாக வெட்டினால் ஓரத்தின் நூற்றில் ஒரு பங்குகூடக் கண்ணில் படாது. மோஸ் துண்டைச் சாய்வாக அரிந்து, ஓரங்களுக்கு நிறமிட்டு, அடிப்பக்கமும் சுற்றுப்பக்கமும் ஒரே தளத்தில் படியும்படி தட்டையாக்கி உறையவைத்தார். எந்த நிறத்தருகே புற்று தெரிகிறதோ, அந்த இடத்தை மட்டும் மறுபடி வெட்டினால் போதும். மூக்கு, இமை, காது ஆகியவற்றில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெறுமதியானது.

நம்மவரிடம் தோல் புற்று குறைவு. பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் வருவதுண்டு. கருநிறப் புற்றானால் (மெலனோமா) உள்ளங்காலில். இந்தக் கருநிறப் புற்றின் கலங்கள் உறைவெட்டில் எளிதில் ஏமாற்றும். அதனால் பல நிபுணர்கள் அதற்கு மெழுகையே நம்புகிறார்கள். மற்றப் புற்றுகளிலும், உறையவைத்த துண்டின் மிச்சத்தைக் கரையவிட்டு மெழுகில் பதித்துச் சரிபார்ப்பது பொதுவான உறைவெட்டில் இன்றும் வழமை.