செம்மண் நாட்டு மாலுமியும் ஓர் 'ஆகவே'யும்

செபராங் பிறையில் பல்லவ எழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. ஆகவே பல்லவத் தமிழர் இம்மண்ணை ஆண்டனர் என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருப்பீர்கள். முதற்பகுதி உண்மை. அந்த 'ஆகவே'தான் எனக்கு உறுத்துகிறது.

அக்கல்லை 1834-இல் கண்டெடுத்தவர் கேப்டன் ஜேம்ஸ் லோ. இன்று அது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. (பினாங்குத் தீவுக்கு அக்கரையில் கிடைத்த கல்லைக் காண, நம் மாணவர்கள் வங்கக் கடலைக் கடக்க வேண்டும்!) காலம் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டு. கல்லில் ஒரு தூபியின் உருவமும் பௌத்த வாசகமும் உள்ளன. செம்மண் நாட்டில் வாழ்ந்த புத்தகுப்தர் என்னும் மாநாவிகர், அதாவது மாலுமித் தலைவர், பயணம் இனிதே நிறைவேற வேண்டுகிறார். மொழி சமஸ்கிருதம். மன்னன் பெயரோ போர்ச் செய்தியோ அதில் இல்லை.

கலிமந்தானின் கூத்தாயில், மூலவர்மனின் வேள்வித் தூண்களிலும் இவ்வகை எழுத்தே காணப்படுகிறது. அவனுடைய பாட்டன் குண்டுங்கனின் பெயரையோ அறிஞர் பலர் உள்ளூர்ப் பெயர் என்பர். நாம் மலாய் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறோம். அதனால் ரோமாபுரியார் கெடாவை ஆண்டதாக எவரும் உரைப்பதில்லை.

இத்தகைய காரணத்துக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதை அளவை நூலை விரித்துரைக்கிறது. மலையில் புகை கண்டு நெருப்பை அறிவது நல்ல ஏது. போலி ஏதுக்களுள் ஒன்று அநைகாந்திகம்; இரு பக்கமும் சாய்வது. பல்லவ எழுத்தும் அவ்வாறே: தமிழரிடமும் இருந்தது, பிறரிடமும் இருந்தது.

செம்மண் நாடு எது? வங்கத்தில் அப்பொருள்படும் பெயருடைய பௌத்த மடம் ஒன்று இருந்தது. சீனக் குறிப்புகளோ மலாய்த் தீபகற்பத்திலேயே ஒரு செம்மண் நாட்டைக் காட்டுகின்றன. பெயர் ஒற்றுமை மட்டும் போதாது. செம்மண் எங்குதான் இல்லை?

எதிர்த்தரப்பாரும் இதே வழுவில் விழுகின்றனர். பல்லவர் ஆளவில்லை, ஆகவே பண்டைக் கெடாவில் தமிழர்க்கு வேலையே இல்லை என்கின்றனர். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, கடாரத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அது வலுவான சான்று. ஆயினும் அதைக் கொண்டு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய மாலுமியைத் தமிழராக்க இயலாது.

என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பலகையை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன்: இடப்பக்கம் கல் சொல்வது, வலப்பக்கம் நாம் சொல்வது. வலப்பக்கமே விரைவில் நிரம்புகிறது.