யூரிக் ஆசிட் மாத்திரை எப்படி வேலை செய்கிறது? யார் இந்த கெர்ட்ரூட் எலியன்?

கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலி. டாக்டரிடம் போனால், 'யூரிக் ஆசிட் ஜாஸ்தி' என்று எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று அலோபியூரினால். கவுட் எனும் இந்த மூட்டுவலிக்குத் தரப்படும் இந்த மருந்து, முதலில் பயன்படுத்தப்பட்டது புற்றுநோய் மருந்துக்குத் துணையாக! அதை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அமெரிக்க வேதியியலாளர் கெர்ட்ரூட் எலியன்.

யார் இவர்?

1918-ல் நியூயார்க்கில் பிறந்தார். 15 வயதில் தாத்தாவை வயிற்றுப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வேதியியல் படிக்க அதுதான் காரணம். 19 வயதில் பட்டம் வாங்கியும், பெண் என்பதால் லேப் வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலைகூட பார்த்தார். 1944-ல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் சேர்ந்தார். பகுதிநேரமாக பிஎச்.டி படித்தவரிடம், 'முழுநேரம் படிக்க வேண்டும்' என்றது கல்லூரி. எலியன் படிப்பை விட்டார், வேலையை விடவில்லை.

என்சைம் தடுப்பான் என்றால் என்ன?

நம் உடலில் ஒவ்வொரு வேதிவினையையும் வேகமாக்குவது என்சைம். எளிமையா சொல்லணும்னா, என்சைம் ஒரு பூட்டு. அதில் பொருந்தும் மூலக்கூறு சாவி. கிட்டத்தட்ட அதே வடிவத்தில் ஒரு போலிச் சாவியை உள்ளே விட்டால்? மாட்டிக்கும், ஆனா பூட்டு திறக்காது. அதுதான் தடுப்பான். அந்தப் போலிச் சாவியை லேபில் செய்வதுதான் எலியனின் வேலை.

முதல் வெற்றி எது?

உடலில் இயல்பாக உள்ள ஹைப்போஸாந்தின் மூலக்கூறில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் சல்ஃபரை வைத்தார். கிடைத்தது மெர்கேப்டோபியூரின். செல்கள் டிஎன்ஏ தயாரிப்பதை இது தடுக்கும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்துபோன காலம் அது. 1953-ல் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தனியாகக் கொடுத்தபோது நோய் திரும்பி வந்தது. ஆனால் மற்ற மருந்துகளுடன் சேர்த்து இன்றும் கொடுக்கப்படுகிறது.

அலோபியூரினால் எப்படி வந்தது?

ஸாந்தின் ஆக்சிடேஸ் என்ற என்சைம், மெர்கேப்டோபியூரினை உடலுக்குள் சிதைத்துவிடும். அதைத் தடுக்க அலோபியூரினாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதுவும் ஹைப்போஸாந்தினின் போலிதான். ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் மட்டும் இடம் மாறியிருக்கும். யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே என்சைம்தான். அதனால் யூரிக் அமிலமும் சடசடவெனக் குறைந்தது. 1966-ல் கவுட் மருந்தாக அனுமதி கிடைத்தது.

இதில் என்ன ஆபத்து?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் சிலர் எடுக்கும் அசாதயோபிரின், உடலுக்குள் மெர்கேப்டோபியூரினாக மாறும். அவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் அலோபியூரினாலும் எடுத்தால், மருந்து சிதையாமல் உடலில் தேங்கும். எலும்பு மஜ்ஜை பாதித்து, ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அலோபியூரினால் எடுத்து உடம்பில் தடிப்பு வந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

1988-ல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியனுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. 1999-ல் மறைந்தார். பிஎச்.டி படிப்பைக் கடைசிவரை முடிக்கவில்லை.

அடுத்த முறை மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்கும்போது, ஏற்கனவே சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.