மலைபடுகடாம்: சாப்பாட்டோடு ஒரு மலைப்பயணக் கையேடு

ஆரணி, போளூர் பக்கத்து ஆட்களுக்கு ஒருநாள் டூர் என்றால் பெரும்பாலும் ஜவ்வாது மலைதான். காலையில் வேன் ஏறினால் ஜமுனாமரத்தூர், பீமன் நீர்வீழ்ச்சி, கோமுட்டேரியில் படகு. மதியம் சாமைச் சோறு. வழியில் தேனை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கச் சொல்வார்கள். சீசன் இருந்தால் பலா, சீத்தா. கூட வரும் வழிகாட்டி "பாறை வழுக்கும், பார்த்து இறங்குங்க"ன்னு நாலு தடவை சொல்வார். சாயங்காலம் வீடு.

இது புது மாதிரியான சுற்றுலா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எங்கே போகணும், வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லும் ஒரு வழிகாட்டி இதே வட்டாரத்துக்குச் சங்க காலத்திலேயே எழுதப்பட்டிருக்கு. பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம். 583 அடி. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு (782 அடி) அடுத்து நீளமானது இதுதான். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகுதான் பொதுவாசகர் கைக்கு இது வந்தது.

பள்ளிக்கூடத்தில் இதை "ஆற்றுப்படை நூல், வேறு பெயர் கூத்தராற்றுப்படை" என்று ஒரு மார்க் கேள்வியாகப் படித்து முடித்துவிட்டோம். அதைக் கொஞ்சம் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு படிப்போம்.

எந்த ஊர், எந்த மலை?

பாட்டின் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் நாடு பல்குன்றக் கோட்டம். பெயரே சொல்கிறது, பல குன்றுகள் இருக்கும் பகுதி. பிற்காலத்தில் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றாக இதே பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். ஆறு சேயாறு, நம் செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடி வருகிற அதே ஆறு. ஆரணியைத் தொட்டுப் போகும் கமண்டல நாகநதியும் ஜவ்வாதில் பிறந்து கடைசியில் செய்யாற்றில்தான் சேர்கிறது. அதனால் ஆரணிக்காரர்களுக்கு இது தூரத்து ஊர்க் கதை இல்லை.

பாட்டில் நவிரம் என்று ஒரு மலை வருகிறது, அதில் காரியுண்டிக் கடவுள், அதாவது நஞ்சை உண்ட கடவுள், இருக்கிறார். அது பௌர்ணமிக்குக் கூட்டம் ஏறும் பர்வதமலை என்பது பலருடைய கருத்து. செங்கம் ரிஷபேஸ்வரர் கோயிலில் உள்ள இடைக்காலக் கல்வெட்டுப் பாட்டு ஒன்றும் நன்னனின் மலையை, அதற்குக் கிடைத்த பாட்டுப் புகழோடு சேர்த்து நினைவுகூர்கிறது. பாட்டு எழுதிப் பல நூற்றாண்டு கழித்தும் இது எங்க ஊர்ப் பாட்டு என்ற நினைப்பு அங்கே இருந்திருக்கு.

யார் யாருக்கு வழி சொல்கிறார்கள்?

இங்கே வழிகாட்டி கூலிக்கு வந்தவர் இல்லை. நன்னனிடம் போய்ப் பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தர், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்குச் சொல்கிறார். தொழில் போட்டியாளர்களுக்கே அட்ரஸ் கொடுப்பது மாதிரி. முதலில் என்னென்ன சொல்லப்போகிறேன் என்று ஒரு பொருளடக்கம் வேறு தருகிறார்: வழியின் நன்மை தீமை, தங்குமிடம், விளைச்சல், சாப்பாடு, மலை, கடவுள், ஆறு, ஊர், தலைவனின் குணம். டாக்குமெண்டேஷன் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வரிசையைப் பார்த்தால் ஒரு மரியாதை வரும்.

வழியில் என்ன கிடைக்கும்?

முதலில் வயல்காடுகளின் நிலவரம். எள் எப்படிக் காய்த்திருக்கு, தினை எப்படி முற்றியிருக்கு, அவரை, வரகு, ஐவன நெல், கரும்பு, இஞ்சி, கவலைக் கிழங்கு, வாழை, நாவல், பலா என்று ஒவ்வொன்றும் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பது வரை வருகிறது. "சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே, விளைச்சல் நன்றாக இருக்கு" என்று சொல்லும் முறை இது.

அடுத்து மலைச் சிற்றூர். அங்கே போனதும் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள். உங்கள் சொந்த வீடு மாதிரி வாசலில் நிற்காமல் உள்ளே போங்கள். அவர்கள் உறவுக்காரர்போல் இனிமையாகப் பேசி, நெய்யில் வெந்த பெரிய இறைச்சித் துண்டுகளும் தினைச்சோறும் தருவார்கள் என்கிறார்.

அதற்கு மேலே போனால் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள், அதோடு நெல்லில் செய்த கள். வேட்டையில் கிடைத்த இறைச்சி. மூங்கிலில் விளைந்த அரிசியைப் புளியும் மோரும் சேர்த்த உலையில் வேகவைத்த சோறு. பெற்ற பிள்ளையைப் போகவிடாமல் தடுப்பது போல வீட்டுக்கு வீடு தடுத்து இதைக் கொடுப்பார்கள்.

மலையை விட்டு இறங்கினால் சாப்பாடும் மாறுகிறது. ஆட்டிடையர் இருக்கும் முல்லை நிலத்தில் பாலும் பால்சோறும். நீங்கள் சமைக்க வேண்டிய வேலையே இல்லை. படுக்க ஆட்டுத்தோல் படுக்கை, காவலுக்கு நெருப்பு. அதைத் தாண்டிப் புல் வேய்ந்த சின்ன வீடுகளில், மேட்டு நில நெல்லும் மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்த்த கூழ். பிறகு வயல் பகுதி: வாளை மீன் துண்டு, வெண்சோறு, காலையிலேயே கள். அப்புறம் சேயாற்றங்கரையோடு நடந்தால் ஊர்.

கவனிச்சீங்களா? ஒரே சாப்பாடு இரண்டு இடத்தில் வருவதில்லை. குறிஞ்சியில் தினை, முல்லையில் பால், மருதத்தில் மீன். ஐந்திணை என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்த விஷயம், இங்கே ஒரு நடைபயணத்தின் சாப்பாட்டு வரிசையாக இருக்கு. மண் மாறினால் தட்டும் மாறும், அவ்வளவுதான்.

எச்சரிக்கைகள்

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாட்டின் கணிசமான இடம் "இப்படி ஆனால் இப்படிச் செய்" என்ற நிபந்தனைகளுக்குப் போகிறது.

பன்றிக்குப் பொறி வைத்த புனங்கள் இருக்கும். அதனால் விடிந்த பிறகு கிளம்பு. குழிகளில் பாம்பு இருக்கும். மரத்தில் ஏறிக் கைதட்டிப் பார், பெண்கள் கைகூப்பி வணங்கட்டும், வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கிப் போ. தினைப்புனத்துப் பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள். மரத்தின் மறைவில் போ. ஆழமான சுனை ஓரத்தில் பாசி வழுக்கும், தவறினால் உயிர் போகும், கொடியைப் பிடித்துக்கொள். இன்றைக்குப் பர்வதமலையில் செங்குத்தான இடங்களில் இரும்புச் சங்கிலியும் கடப்பாரைப் படியும் இருக்கு. கொடி இருந்த இடத்தில் சங்கிலி.

நவிரமலைக் கடவுளைக் கண்டால் வணங்கிவிட்டுப் போ, சும்மா வாத்தியத்தைத் தொடாதே, அங்கே மழை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒற்றையடிப் பாதையில் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்காதே. இன்று பாறை விளிம்பில் செல்ஃபி எடுப்பவர்களுக்கு வைக்கிற போர்டு இதைத்தானே சொல்லுது?

மலையில் பிறந்த குறவர்களே திகைக்கும் இடத்தில் வழி தவறிவிட்டால்? அங்குமிங்கும் ஓடாதே. அகன்ற பாறையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாத்தியத்தை வாசி. சத்தம் கேட்டுக் கானவர் வருவார்கள், பழம் கொடுத்து வழியும் காட்டுவார்கள். கடவுள் மலையில் வாசிக்காதே என்ற அதே வாத்தியம் இங்கே உயிர் காக்கும் கருவி.

காட்டில் கிளைவழிகள் பிரியும் இடத்தில் நடுகல் இருக்கும். யாழ் வாசித்துவிட்டுப் போ. இதே செங்கம் வட்டாரத்தில் பிற்காலப் பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் "செங்கம் நடுகற்கள்" என்று தனி நூலே போட்டது. பாட்டு சொல்லும் கற்கள் இவற்றுக்கு முந்தியவை, ஆனால் வழக்கம் விடாமல் தொடர்ந்திருக்கு.

அதே இடத்தில் இன்னொரு சின்னக் குறிப்பு: நீங்கள் புதுசு, கவைவழியில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள். பின்னால் வருபவர்களுக்காக! நடந்த கூத்தர் எதிரில் வருபவருக்கு வாயால் வழி சொன்னார். இவர்கள் தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குப் புல்லால் வழி சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இன்னொரு நன்னன்

சங்க இலக்கியத்தில் நன்னன் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். கொண்கான நாட்டு நன்னன் ஒருவன். அவனுடைய காவல் மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வர, குளிக்கப் போன ஒரு பெண் எடுத்துத் தின்றாள். அதற்காக அவளைக் கொன்றான். அவள் வீட்டார் 81 யானைகளும், அவள் எடைக்குப் பொன்பாவையும் தருகிறோம் என்றும் அவன் கேட்கவில்லை. குறுந்தொகை 292-இல் பரணர் இதைச் சொல்கிறார். இரண்டு பேரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஊரும் வேறு, ஆளும் வேறு.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும். சாப்பாடு அதிகாரத்தின் விஷயம். ஒரு நன்னன் நாட்டில் ஆற்றோடு வந்த காயைத் தின்றதற்கு உயிர் போனது. இன்னொரு நன்னன் நாட்டில் அவன் பெயரைச் சொன்னால் மலைவீட்டு அடுப்பு வரை போகலாம். பெருங்கௌசிகனார் இத்தனை வீட்டுச் சாப்பாட்டையும் எதற்குப் பட்டியல் போட்டார்? தலைவன் நல்லவன் என்பதற்கு அதுதான் சாட்சி. அரண்மனை விருந்தை மட்டும் புகழ்ந்தால் அது முகஸ்துதி. கடைக்கோடிக் குடிசையில் வழிப்போக்கனுக்குக் கொடுக்க மிச்சம் இருக்கா என்பதுதான் ஆட்சிக்கு அளவுகோல்.

கடைசியில் நன்னனும் கொடுக்கிறான். முதலில் இழை ஓடும் இடமே கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நூல் ஆடை. பட்டு என்று பாட்டில் இல்லை, ஆனாலும் தறிச்சத்தம் கேட்கும் ஆரணித் தெருக்களில் இருப்பவர்கள் அந்த வரியில் கொஞ்சம் நிற்பார்கள். பிறகு இறைச்சியும் வெண்ணெல் சோறும். எத்தனை நாள் தங்கினாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பம்.

இன்றைய தட்டில்

இன்று ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பாட்டில் வரும் குறவர்களின் நேர் வாரிசுகள் என்று சொல்ல முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பதே அவர்கள் மரபுக்கதை. கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மனிதர்கள் மாறியிருக்கலாம், ஆனால் மலை விளைவிப்பது பெரிதாக மாறவில்லை: சிறுதானியம், தேன், புளி, பலா. தானியங்களில் இன்று முதலிடம் சாமைக்கு.

மாறியது நாம் வீட்டுக்குள் நுழையும் விதம். அன்று "இன்னாருடைய கூத்தர்" என்று சொன்னால் போதும், பதிலுக்குப் பாட்டும் கூத்தும் இருந்தது. இன்று டிக்கெட். காசு கொடுத்துச் சாப்பிடுவது தப்பே இல்லை. மலைக்காரர்களுக்கு அந்த வருமானம் வேண்டும். ஆனால் ஒரு ஸ்பூன் தேனையும் ஒரு கிண்ணம் சாமைப் பொங்கலையும் ருசி பார்த்துவிட்டு, இறங்கும்போது கீழே வந்து பாலிஷ் அரிசி மூட்டை வாங்கினால், அடுத்த தலைமுறைக்கு அங்கே ருசி பார்க்க என்ன இருக்கும்? சாமை விதைப்பவர்களுக்குக் கட்டுபடியாகணும், அப்போதுதான் அது நிலத்தில் நிற்கும். பாட்டில் முதலில் வருவது விளைச்சல், அப்புறம்தான் விருந்து.

அடுத்த முறை ஆரணியிலிருந்து கிளம்பினால், ஜமுனாமரத்தூரோடு நிறுத்தாமல் மலைபடுகடாம் வழியில் ஒருநாள் போய்ப் பாருங்கள். போளூர் வழியாகப் பர்வதமலை அடிவாரம், அங்கிருந்து செங்கம், ரிஷபேஸ்வரர் கோயில், கடைசியாகச் செய்யாற்றங்கரை. ஏறுவதாக இருந்தால் விடிந்த பிறகு. வழியில் மலைக்காரர்களிடமே இரண்டு கிலோ சாமை வாங்கிக்கொள்ளுங்கள். அவரையும் புளியும் போட்டுக் கூழ் காய்ச்சும் வழக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் இருந்தால், அளவு, பக்குவம் எல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். நம்மால் முடிந்த புல்முடிச்சு அதுதான்.