செருப்பும் தக்ளியும்: மதுரைச் சமவெளியில் சுயசார்புக் கல்வியின் வரலாறு

மாட்டுத்தாவணிக்கு அந்தப் பெயர் மாட்டுச் சந்தையால் வந்தது. இன்று அது மதுரையின் பெரிய பேருந்து நிலையம். காலையில் மேலூர், நத்தம் பக்கத்துப் பேருந்துகளிலிருந்து இலவசப் பயண அட்டையோடு பிள்ளைகள் இறங்குகிறார்கள். அதே நிலையத்தில் ராஜபாளையம் வண்டி ஏறினால், திருமங்கலத்தைத் தாண்டி டி.கல்லுப்பட்டி வரும். அங்கே 1940-இல் வெங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஏழைக் கிராமத்துப் பிள்ளை, படிப்பால் தன் காலில் நிற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தச் சமவெளியில் கிடைத்த உறுதியான இடங்களுள் அது ஒன்று. ஆனால் அந்த எண்ணம் இங்கே முளைத்ததன்று. அதன் வேரைத் தேடினால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போக வேண்டியிருக்கிறது.

மதுரைக்கும் நேட்டாலுக்கும் காந்திக்கு முன்பே ஓர் உறவு உண்டு. அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு 1834-இல் மதுரையிலும் 1835-இல் நேட்டாலின் சூலு மக்களிடையேயும் பணியைத் தொடங்கியது. இங்கே பசுமலைப் பள்ளியும் அமெரிக்கன் கல்லூரியும் அதன் வழியில் எழுந்தன. அங்கே அதன் ஆடம்ஸ் பள்ளியில் படித்தவர் ஜான் டூபே. அமெரிக்காவில் புக்கர் வாஷிங்டன் நடத்திய டஸ்கீகியின் தொழிற்கல்வியால் ஈர்க்கப்பட்ட டூபே, இனாண்டாவில் ஓலாங்கே பள்ளியை நிறுவினார். 1901-இல் அது திறக்கப்பட்டது. கறுப்பின மக்கள் தாங்களே நிறுவி, எழுத்தும் கைத்தொழிலும் சேர்த்துக் கற்பித்த பள்ளி அது. காந்தி 1904-இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்த இடம் அதற்கு வெகு அருகில்.

1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையைத் தமிழ் வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், கட்டடக் கலைஞர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர் பலர். காலையில் பிள்ளைகள் குழி தோண்டினார்கள், மரம் வெட்டினார்கள், சுமை தூக்கினார்கள். பிற்பகலில் வகுப்பு. உழைத்த களைப்பில் வகுப்பில் கண்ணயர்ந்தார்கள் என்பதைக் காந்தியே பதிவு செய்திருக்கிறார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் பேசினார்கள், எழுத்துத் தெரியாது. கப்பலிலும் சிறையிலும் போப்பின் தமிழ்ப் பாடநூலை வைத்துத் தாம் கற்ற கொஞ்சத் தமிழைக் கொண்டு காந்தி அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவியரின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தியும், அவர்களிடம் பிள்ளைகளும் கற்றார்கள். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்பது பண்ணையின் விதி.

தோல் வேலை எந்தச் சாதிக்கு என்று ஊரே வகுத்து வைத்திருந்த காலத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆசிரியரும் ஒரே பாயில் உட்கார்ந்து செருப்புத் தைத்ததுதான் இந்தக் கல்வியின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். பின்னால் நடந்த பிழைகள் யாவும் இந்த ஒன்றை மறந்ததால் வந்தவை.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு அந்தப் பண்ணை அனுபவத்தைத் தேசியத் திட்டமாக்கியது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பாடம், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்த பாடத்திட்டம் ஆகியவற்றை வகுத்தது. தமிழில் இதற்கு ஆதாரக் கல்வி என்று பெயர். இதை நடத்திய தாலிமி சங்கத்தின் செயலாளர் ஆரியநாயகம் ஓர் இலங்கைத் தமிழர். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற பகுதிக்கு அந்த மாநாட்டிலேயே எதிர்ப்பு வந்தது. பிள்ளைகளின் உழைப்பு ஏழைக் கைவினைஞரின் பிழைப்போடு போட்டியிடும் என்றார் பொருளியலாளர் கே.டி. ஷா. அந்த எச்சரிக்கைக்கு அன்று தகுந்த விடை சொல்லப்படவில்லை.

ஆதாரப் பள்ளியின் வகுப்பறையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இடக்கையில் பஞ்சுப் பட்டை, வலக்கை விரல்களால் தக்ளி என்ற கைக்கதிரின் தண்டைச் சுண்டிவிட்டால் அது தொங்கியபடி சுழலும், இழை நீளும், நீண்டதைத் தண்டில் சுற்றிக்கொண்டு மறுபடி சுண்ட வேண்டும். சற்றே அவசரப்பட்டால் இழை அறுந்துவிடும். நான்கு அடிக்கு ஒரு சுற்றாக 640 சுற்று சேர்ந்தால் ஒரு சிட்டம். மொத்தம் எத்தனை அடி? 2,560. பெருக்கல் பாடம் அங்கே முடிகிறது. பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று கேட்டால் புவியியல் தொடங்குகிறது. நல்ல ஆசிரியர் கையில் இது அற்புதமான முறை. அல்லாதவர் கையில் அது வெறும் நூற்பு வேலையாகச் சுருங்கியது.

மீண்டும் மதுரைச் சமவெளிக்கு வருவோம். காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை டி.கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தார்; 1960 ஜனவரி 30 அன்று காலமானார். அன்றைய மதுரை மாவட்டத்தின் வட பகுதியில், நெசவாளர் ஊரான சின்னாளபட்டியை அடுத்து, 1947-இல் காந்திகிராமம் பிறந்தது. அதை நிறுவிய டாக்டர் சௌந்தரம், மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தவர். மருத்துவமனை, ஆதாரப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, கிராம சேவகியர் பயிற்சி என்று அது விரிந்தது. சிகிச்சையும் பள்ளியும் ஒரே வேலியில் இருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். நோயாளித் தாயின் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வராது என்பது ஒரு மருத்துவருக்குத்தான் முதலில் தெரியும்.

இதே சமவெளியின் மேற்கில் வேறொரு வரலாறு ஓடியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்ட பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்தக் காலத்தில் உருவான கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகளையும் தொழிற்பயிற்சியையும் கண்காணிப்போடு சேர்த்துக் கொடுத்தது. ‘திருத்துவதற்காக’ என்று கொடுத்த கல்வியை அந்த மக்கள் தங்கள் உரிமையாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன.

1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். பெரியாரின் கிளர்ச்சி தமிழகத்தை உலுக்கியது. ராஜாஜி விலகினார், 1954-இல் காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. கைத்தொழிலுக்கு இங்கே யாரும் எதிரியல்லர். எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. அதே 1953-இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பாண்டுக் கல்விச் சட்டம் வந்தது. நோக்கத்திலும் கொடுமையிலும் அது வேறு. நிறவெறியின் நேரடிக் கருவி. ஆனால் பிள்ளைக்கு எது போதும் என்பதை மேலே இருப்பவர் அளந்து கொடுத்தது இரண்டிலும் உண்டு. டூபே படித்த ஆடம்ஸ் பள்ளியை 1956 முடிவில் அந்த அரசு கைப்பற்றியது.

அதே 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளையின் உழைப்பால் பள்ளி நடக்கட்டும் என்ற வார்தாக் கணக்கை அது தலைகீழாக்கியது: அரசும் ஊரும் சோறு போட, பிள்ளை படிக்கட்டும். சுயசார்பு என்பது படிப்பு முடிந்தபின் வர வேண்டியது, படிக்கும்போதே கட்ட வேண்டிய கூலியன்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை அந்தக் கோடு நீள்கிறது.

படிப்போடு உழைப்பைச் சேர்க்கும் எண்ணம் ஆப்பிரிக்காவில் மீண்டும் எழுந்தது. 1967 மார்ச்சில் தான்சானியாவின் ஜூலியஸ் நெரேரே ‘சுயசார்புக்கான கல்வி’ என்ற தம் அறிக்கையை வெளியிட்டார். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பண்ணையாக இருக்கட்டும், தொடக்கக் கல்வி தன்னளவில் முழுமையாகட்டும் என்பது அவர் வாதம். எழுத்தறிவு பெருகியது. ஆனால் பல பள்ளிப் பண்ணைகளில் வேலை மிஞ்சிப் பாடம் மெலிந்தது. பெற்றோர் உயர்நிலைப் பள்ளி இடத்துக்காகவே ஏங்கினார்கள். இடங்களோ மிகக் குறைவு.

இந்தப் படிப்பு மேலே போக வழி திறக்குமா என்ற கேள்வி காந்திகிராமத்துக்கும் வந்தது. 1956-இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கிப் பட்டயம் வழங்கியது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது பாடத்தின் பகுதியாயிற்று. ஆனால் விண்ணப்பம் வாங்க வரும் தகப்பன் கேட்பது, “இது டிகிரிக்குச் சமமா, சார்?” என்றுதான். அவரைப் பதவி மோகம் கொண்டவர் என்று குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நகரத்துப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவு தன் மகளுக்கும் திறக்குமா என்பதே அவர் கேள்வி. நாடெங்கும் தொடங்கிய கிராமிய நிறுவனங்களுள் பல, வழக்கமான கல்லூரிகளாகக் கரைந்தன. காந்திகிராமம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, கிராமத்துப் பாடத்தை விடாமலே பட்டம் கொடுக்கத் தொடங்கியது.