மத்வேய் புரோன்ஸ்ரைன் எழுப்பிய கேள்வி

நவீன பௌதிகவியல் இருபெருங் கொள்கைகளின் மீது நிற்கின்றது. அணுவின் உள்ளே நிகழ்வனவற்றைக் குவாண்டம் கொள்கை விளக்குகின்றது. விண்மீன்களின் ஈர்ப்பை ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை விளக்குகின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் கொள்கை இன்றுவரை முழுமை பெறவில்லை. அவ்விணைப்பின் அருமையை முதன்முதலில் ஆழ்ந்து கண்டவர் மத்வேய் புரோன்ஸ்ரைன் என்ற சோவியத் இளைஞர்.

1906இல் உக்ரெயினிலுள்ள வின்னித்சாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். சார் மன்னராட்சியில் யூத மாணவருக்குப் பல்கலைக்கழகங்களில் எண்ணிக்கை வரம்பு இருந்தது. 1917ஆம் ஆண்டுப் புரட்சி அத்தடையை நீக்கியது. திறந்த கதவினூடே சென்ற அவ்விளைஞர், லெனின்கிராட் பௌதிகத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆராய்ச்சியாளரானார். சிறுவர்க்கும் விஞ்ஞானம் எழுதினார். ஹீலியத்தின் கதையைக் கூறும் அவருடைய நூல் 1936இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் வெளியான அவரது ஆய்வின் வாதம் எளிமையானது. சிறியதோர் இடத்தின் ஈர்ப்புப் புலத்தைத் துல்லியமாக அளப்பதற்குத் திணிவு மிக்க சோதனைப் பொருள் வேண்டும். இலேசான பொருளை அளவீடே உலுக்கிவிடும். ஆனால், சிறிய இடத்தில் திணிவை வரம்பின்றிச் செறித்தல் இயலாது. வரம்பு கடந்தால் ஒளியும் வெளியேற முடியாத நிலை தோன்றும். 1960களிற் கருந்துளை என்ற பெயர் பெற்றது அந்நிலையே. ஆகவே, ஈர்ப்பை அளக்கும் துல்லியத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. இடம், காலம் என்னும் பழைய கருத்துக்களையே கைவிட நேரலாம் என்று அவர் முடிவு கூறினார்.

1937 ஆகஸ்டில் அவர் கைதானார். பயங்கரவாத அமைப்பிற் சேர்ந்தவர் என்பது பொய்க் குற்றச்சாட்டு. 1938 பெப்ரவரி 18ஆம் நாள் லெனின்கிராட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. அவருடைய மனைவி, எழுத்தாளர் லிடியா சுக்கோவ்ஸ்காயாவிடம், கடிதத் தொடர்பற்ற பத்தாண்டுச் சிறை என்றே கூறினர். 1957இல் அவர் குற்றமற்றவர் என அரசே அறிவித்தது.

கேள்வி மட்டும் சாகவில்லை. கருந்துளைகளும் கதிர்வீசி மெலியும் என 1974இல் ஸ்ரீபன் ஹோக்கிங் காட்டினார். அவ்வாறாயின், உள்ளே வீழ்ந்த பொருள்களைப் பற்றிய தகவல் அழிந்துவிடுமா? குவாண்டம் கொள்கை அழியாது என்கின்றது. ஹோக்கிங்கின் கணிப்போ அழியும் என்றது. பிணக்குத் தீரவில்லை. இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைகள் 2015இற் கருவிகளிற் பதிவாயின. அவ்வலைகளின் குவாண்டம் இயல்போ இன்னும் எட்டாத் தொலைவிலேயே உள்ளது.

சோசலிசத்தை நேசிப்போர் இவ்வரலாற்றை அரைகுறையாகச் சொல்லுதல் தகாது. அவரைக் கற்பித்து உயர்த்தியதும் சோவியத் சமுதாயம். கொன்றதும் அச்சமுதாயத்தின் பெயரால் ஆண்ட அரசு. முன்னதை மட்டும் சொல்வது புகழுரை. பின்னதை மட்டும் சொல்வது பகைவரின் பிரசாரம். நம் மாணவர்க்கு இரண்டையும் சொல்வோம். அவர் விட்டுச் சென்ற கணக்கையும் அவர்கள் கையிற் கொடுப்போம்.