காலையில் காணாமல் போகும் தமிழ்

தியாகதுருகத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சில மாதம் வேலை பார்த்தேன். அங்கே இருந்ததெல்லாம் தின் கிளையண்ட். கையகலப் பெட்டி, உள்ளே ஹார்டு டிஸ்க் கிடையாது, ஒரு ஃபிளாஷ் சிப் மட்டும். நிர்வாகம் முழுக்க வெளியூரிலிருந்து.

தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டியிலும் தமிழ் 99 விசைப்பலகையை வைத்துக் கொடுப்பேன். கரண்ட் போய் வந்தால் போச்சு, மறுபடி ஆங்கிலம். கல்வராயன் மலைப்பக்கமிருந்து பஸ் மாறி வரும் ஒரு அக்கா கேட்டார்: "நேத்து வந்துச்சே சார், இன்னிக்கு ஏன் வரல? நான் ஏதாச்சும் கெடுத்துட்டனா?" டிடிபி கடை வேலைக்காகப் பழகிக்கொண்டிருந்தவர். தப்பு தன்னுடையது என்றே நினைத்துவிட்டார்.

அது யார் தப்பும் இல்லை. அந்த மறதி ஒரு ஏற்பாடு. அதற்கு வரலாறு உண்டு.

1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அமைப்புகளைக் குட்டி சுவிட்சுகளால் வைத்தார்கள். 1978-இல் டெக் நிறுவனத்தின் விடி100 வந்தது. செட்-அப் விசையை அழுத்தி, வேண்டியதை மாற்றிச் சேமித்தால், மின்சாரம் போனாலும் அழியாது. கணக்குப் போடும் இயந்திரம் வேறெங்கோ இருந்தாலும், திரை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மேசையிலேயே இருந்தது.

பிறகு அந்த ஞாபகமும் மேசையை விட்டுப் போனது. விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட் காலத்தில் 'ரைட் ஃபில்டர்' என்றொன்று வந்தது. நாம் செய்யும் மாற்றமெல்லாம் ஃபிளாஷுக்குப் போகாமல் தற்காலிக நினைவகத்தில் தங்கும், அணைத்தால் அழியும். காரணங்கள் நியாயமானவைதான். அடிக்கடி எழுதினால் ஃபிளாஷ் தேயும். வைரஸ் வந்தாலும் மறுதொடக்கத்தில் போய்விடும். நூறு பெட்டிகளும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு மாற்றம் நிலைக்க வேண்டுமென்றால் ஃபில்டரை நிறுத்தி, மாற்றி, மறுபடி போட வேண்டும். இல்லையென்றால் சர்வரில் இருக்கும் மூலப் பிரதியிலேயே மாற்ற வேண்டும். லினக்ஸ் பக்கம் 1999-இல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டத்திலும் இதே கதை: விசைப்பலகை எது என்பது சர்வரிலுள்ள அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அந்த வரியை எழுதும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி.

அதே 1999-இல்தான் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழ் 99 அரசின் தர விசைப்பலகை ஆனது. ஆனால் தரம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் பெட்டிக்கு ஞாபகம் வந்துவிடாது. யாரோ ஒருவர் அதை மூலப் பிரதியில் சேர்க்க வேண்டும்.

நிர்வாகிக்கு போன் போட்டேன்.

"ஒரு மெஷினுக்குன்னு தனியா மாத்த முடியாது தம்பி. எல்லாத்துக்கும் ஒரே இமேஜ்தான்."

"அப்ப எல்லாத்துக்குமே மாத்திடுங்கண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்கல" என்றார்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு மதியம் கரண்ட் போய் வந்தது. அக்கா எச் விசையைத் தட்டினார். 'க' விழுந்தது. திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை, விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.