ஏற்றமும் இறக்கமும்

மோட்டார் சைக்கிளைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றால் என் நண்பர்கள் சிரிப்பார்கள். கதை எழுதுகிறவனுக்குக் கதாநாயகன் ஏறிப் போவதற்கு ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவன் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல்தான் இருந்தேன். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிடங்கின் பின்புறம், கோணிச் சாக்குகளுக்கு அடியில், ஒரு பழைய ஜாவாவைக் கண்டு விலை பேசி வாங்கிய பிறகு வேறு வழி இல்லாமல் போயிற்று.

1960-களின் கடைசியில் மைசூரில் செய்த வண்டி அது. 250 ஸி.ஸி. பழைய சொந்தக்காரர் எஸ்டேட் மண்பாதைக்கென்று பின்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றி, கல்லில் இடிக்காதபடி சைலன்ஸர்களைத் தூக்கிக் கட்டியிருந்தார். பிறகு பல வருஷம் அது சாக்குக்கு அடியில் தூங்கியிருக்கிறது. துரு ஏறாத இடம் குறைவு. ஆனால் சீட்டை முகர்ந்து பார்த்தால் ஏலக்காய் மணந்தது!

இந்த மலைச்சரிவுக்கு விசித்திர வாகனங்கள் புதிதல்ல. மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி ஒன்று போட்டார்கள். அதை இழுத்தவை மாடுகள். 1908-இல் அது சின்ன ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு அந்தரத்தில் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து போடிக்கு வரும். 1924-ஆம் வருஷப் பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அப்புறம் லாரி, ஜீப். ஜீப்பும் போக முடியாத ஒற்றையடித் தடத்தில் மூட்டை சுமக்கக் கோவேறு கழுதை இருந்தது. மனிதன் போகத்தான் இந்த மாதிரி வண்டி.

ஏன் இந்த மாதிரி வண்டி என்று மேஸ்திரியைக் கேட்டேன். போடியில் அவருடைய பட்டறை ஒரு வேப்பமரமும் தகரக் கூரையும்தான். "உள்ளே ஒண்ணும் இல்லை சார், அதனாலேதான்" என்றார்.

அது உண்மை. டூ ஸ்ட்ரோக் யந்திரத்தில் வால்வு கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகிறபோது சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைத் தானே திறந்து தானே மூடுகிறது. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ஜோசப் டே என்பவர் 1891-இல் இந்த யந்திரத்துக்கு உரிமை பதிந்தார். அவர் செய்ததில் வால்வு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் ஒழிக்க வழி கண்டவர் அவருடைய பட்டறையிலேயே வேலை பார்த்த ஃப்ரெடரிக் காக். முதலாளியின் பெயர் புத்தகத்தில் ஏறியது. தொழிலாளியின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இது யந்திரத்துக்கு மட்டும் உரிய கதையல்ல.

பிறகு ஜெர்மானியர் அதை மெருகேற்றினார்கள். 1939-இல் வந்த டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியை, அவர்கள் போரில் தோற்றதும், ஜெயித்தவர்கள் எல்லாரும் நகல் எடுத்தார்கள். ஆங்கிலேயரின் பாண்டம் அப்படிப் பிறந்தது. ஜப்பானின் யமஹா 1955-இல் செய்த முதல் வண்டியும் அதே சாயல். செக்கோஸ்லோவாக்கியரோ தங்கள் ஜாவாவைச் சேற்றிலும் காட்டிலும் ஓட்டிப் பழக்கினார்கள்; ஆறு நாள் நடக்கும் சர்வதேசக் கரடுமுரடுப் பந்தயத்தில் 1970 முதல் 1974 வரை ஐந்து வருஷமும் கோப்பை அவர்களுக்கே. அந்த ஜாவாவுக்குத்தான் மைசூரில் ஈரானி குடும்பத்தார் 1960-இல் தொழிற்சாலை கண்டார்கள். 1973-இல் பெயர் யெஸ்டி ஆயிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018-இல் மறுபடி வந்தது. ஆனால் வந்தது நாலு ஸ்ட்ரோக் வண்டி. புகை விதிகள் பழையதை உள்ளே விடவில்லை. விதியைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புகையை நான் நிறையக் குடித்திருக்கிறேன்.

மேஸ்திரி மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். சிலிண்டரைத் தேனியில் லேத் பட்டறைக்கு அனுப்பிப் போர் போட்டு, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் பொருத்தினார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலைமுடிக் கனம்தான் இடம். கிராங்கு பேரிங்குகளையும் ஸீல்களையும் புதிதாகப் போட்டார். ஸீல் கசிந்தால் வண்டி மூச்சு விடாது என்றார். சைலன்ஸருக்குள் கல்லாக இறுகிக் கிடந்த கரியை நெருப்பில் வாட்டித் தட்டி எடுத்தார். கியர் போடுகிற நெம்புகோலையே மடக்கி உதைத்தால் அதுவே கிக்கர்; இந்தச் சிக்கனத்தை இரண்டு பேரும் ரசித்தோம். கடைசியில் லிட்டருக்கு 40 மில்லி வீதம் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினார். நாலாவது உதையில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

"ஏத்தத்துக்குப் பயப்படாதீங்க. எறக்கத்துலே அப்பப்ப ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கிட்டே வாங்க" என்றார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். முந்தல் தாண்டியதும் மாந்தோப்பும் இலவமரமும் கீழே போயின. வண்டி இரண்டாவது கியரில் கத்திக்கொண்டே ஏறிற்று. மெட்டில் குளிர் முகத்தில் அறைந்தது. அதற்கு அப்பால் கேரளம். நிழல் மரங்களின் கீழ் ஏலத்தோட்டம். ஈர மண்ணும் வேர்களுமான ஒரு தடத்தில் அரை மணி நேரம் ஓட்டினேன். பின்சக்கரம் வழுக்கும்; ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். என் வயசை மறந்தேன்.

இறங்கும்போது பிரேக் காய்ந்துவிடுமே என்று புத்திசாலித்தனமாக இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு வந்தேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது சரியான முறை. டூ ஸ்ட்ரோக்குக்கு அது விஷம். எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சக்கரமோ யந்திரத்தை விடாமல் சுழற்றுகிறது. சூடான பிஸ்டன் உப்பும். இருக்கிற இடமோ தலைமுடிக் கனம். ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, சத்தம் சட்டென்று அடங்கிப் பின்சக்கரம் பிடித்துக்கொண்டது. தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே போனேன். கிளட்சைப் பிடிக்க வேண்டுமென்று கைக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. நின்ற இடத்திலிருந்து தடுப்புச் சுவர் இரண்டு முழம். சுவருக்கு அப்பால் வெறும் காற்று.

ஸ்வீடன் நாட்டு ஸாப் கார்க்காரர்கள் இதை அறிந்துதான் தங்கள் டூ ஸ்ட்ரோக் காரில் சைக்கிளைப் போல ஃப்ரீ வீல் வைத்தார்கள்; இறக்கத்தில் சக்கரம் யந்திரத்தை இழுக்காது. அந்தக் காரில் எரிக் கார்ல்ஸன் 1962-லும் 1963-லும் மான்டி கார்லோ பந்தயத்தை ஜெயித்தார். ஆனால் அப்படி ஓடவிட்டால் சுமை முழுவதும் பிரேக் மேல் விழும். யந்திரத்தைக் காத்தால் பிரேக், பிரேக்கைக் காத்தால் யந்திரம். இரண்டுக்கும் நடுவிலிருந்த வழியைத்தான் வேப்பமரத்தடியில் எனக்கு இலவசமாகச் சொல்லியிருந்தார்கள்.

அரை மணி ஆறவிட்டு உதைத்தேன், கிளம்பிவிட்டது. மேஸ்திரி சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை வெயிலில் திருப்பினார். புகைத் துவாரத்தின் பக்கம் நாலு கீறல். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உப்புத்தாளை எடுத்து மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறினேன். இந்தத் தடவை அவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் என் தோளில் ஒரு தட்டு. நான் ஒரு திருகு. பதினேழும் முடிந்து முந்தலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"டீ குடிக்கலாமா சார்?"